அளப்பவளுக்குத் தெரியக் கூடாதது

அத்தியாயம் பதினொன்று

திறந்தாள்.

‘அண்ணி அந்த நீலக் கோப்பைத் திறந்தாளா இல்லையா, ஏன் இப்படி அந்தரத்தில் விட்டீர்கள்’ என்று போன வாரம் முழுக்கக் கடிதம் போட்டவர்களுக்கு முதல் வார்த்தையிலேயே பதில் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட களைப்பில் வீடே தூங்கிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேஜைமேல் நாத்தனார் மூடி வைத்திருந்த ஆபீஸ் கோப்பை, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் திறந்தாள்.

அவள் தேடியது ஒரே ஒரு விஷயத்தை. தன்னை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதை.

இன்றைக்குத்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அண்ணி ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் பக்கவாதத்தைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. வாதம் வந்து எழுந்தவர்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்கே ஆள் போய் நடைப் பயிற்சி கொடுக்கிறார்கள். மீதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்கிறார்கள். எது மேல் என்று பார்க்க வேண்டும். பத்து மீட்டர் நடக்க யாருக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தைக் கையில் பிடித்து அளப்பது அண்ணியின் வேலை. ஐந்து வருடமாக அவள் ஒருத்திதான் அளக்கிறாள்.

அந்த அளவுகளை எல்லாம் வாங்கிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் ஒரே தங்கை. புள்ளியியல் படித்தவள். ஆபீஸில் எல்லோரும் அவளைக் ‘கணக்கு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆய்வுக் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னதே அண்ணிதான். விண்ணப்பத்தைக் கூட இருந்து நிரப்பியதும், நேர்முகத்துக்குப் போகிற அன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் அவள்தான். இன்றைக்கு நினைத்தால் அந்த இஸ்திரிச் சூடு அவள் வயிற்றில் இருக்கிறது.

ஆய்வின் இரண்டாம் கட்டம் தொடங்கப்போகிறது. யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று புதிதாகப் பிரிக்கிறார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவியும் வருகிறது. எல்லாரையும் கட்டி மேய்க்கிற வேலை, தனி மேஜை, பெரிய டாக்டருக்கு அடுத்த நாற்காலி. அது தனக்குத்தான் என்று அண்ணி ஆறு மாதமாக மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பொறுப்புகளைப் பிரித்துப் படம் போடும் வேலையைப் பெரிய டாக்டர் நாத்தனாரிடம் கொடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கோப்பின் முதல் தாளில் அந்தப் படம் இருந்தது. மேல் வரிசையில் பெரிய டாக்டர். இரண்டாவது வரிசையில் மூன்று கட்டங்கள்: கணக்கு, பயிற்சி, ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பாளர் கட்டம் காலியாக இருந்தது. அதற்கும் கீழே, மூன்றாவது வரிசையில், தபால்தலை அளவில் ஒரு கட்டம். ‘அளவீடு: சிஸ்டர்.’

அவ்வளவுதான். ஐந்து வருடம்.

ஆத்திரத்தில் தாளைத் திருப்பினாள். அடுத்த தாள் வேறு. இடது பக்கம் நோயாளிகளின் எண்கள், வலது பக்கம் ‘வீடு’ அல்லது ‘ஆஸ்பத்திரி’. யாருக்கு எந்தப் பயிற்சி என்ற பட்டியல். குழுவில் ஒரே ஒருத்தருக்குத்தான் அது தெரியலாம், அந்த ஒருத்தி நாத்தனார். தெரியவே கூடாதவள் ஒருத்தி உண்டென்றால், அது அளக்கிறவள்.

கோப்பை டக்கென்று மூடினாள். ஆனால் கண் மூடுவதற்குள் மூன்று எண்கள் உள்ளே போய்விட்டன. ஐந்து வருடமாக எண்களையே பார்த்துப் பழகிய கண், வேறென்ன செய்யும்?

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு வருகிற முதல் அளவீட்டு நாள்.

*

காலைச் சாப்பாட்டு மேஜையில் மாமியார் மகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா சாப்பிடு பாப்பா. மீட்டிங்ல நின்னு பேசணும்ல.”

“போதும்மா. எனக்கு ஒண்ணே போதும்.”

“ஒண்ணு எப்படிப் பத்தும்? மூளைக்கு வேலை குடுக்கறவ நீ.”

அண்ணி தன் முட்டையைத் தானே உரித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக அப்படித்தான். அப்போ நான் எதுக்கு வேலை குடுக்கறேன், முழங்கைக்கா என்று கேட்க நாக்கு துடித்தது. ரொட்டியை வாயில் வைத்து அடைத்தாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் எந்த மாடியில் நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுவான். வீட்டில் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் தானே நின்றுகொள்வான்.

“ஒருங்கிணைப்பாளர் யாருன்னு இன்னிக்குச் சொல்லிடுவாங்களா?” என்று பொதுவாகக் கேட்டான்.

“சாயங்காலம்னு டாக்டர் சொன்னாங்கண்ணா,” என்றாள் நாத்தனார்.

“உனக்கில்லாம வேற யாருக்குக் குடுப்பாங்க?” என்றாள் மாமியார்.

“அம்மா, சும்மா இரும்மா.”

மறுக்கவில்லை, கவனித்தீர்களா? அண்ணி கவனித்தாள். சும்மா இரு என்றாள், எனக்கில்லை என்று சொல்லவில்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, வாயோரம் ரொட்டித்தூள் ஒட்டியிருந்த அந்த முகத்தை அவள் பார்த்தாள். அறைந்துவிட வேண்டும் போலவும், தூளைத் துடைத்துவிட வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது.

“தொடைச்சுக்கோ,” என்றாள்.

இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போவார்கள். அண்ணி ஓட்டுவாள். பின்னால் நாத்தனார் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருப்பாள். பையில் அந்த நீலக் கோப்பு இருந்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அதன் மூலை அண்ணியின் முதுகில் இடித்தது.

*

கூட்ட அறையில் வெள்ளைப் பலகையில் அந்தப் படம் ஏறியிருந்தது. காகிதத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக. மூன்றாவது வரிசைக் கட்டமும் பெரிதாகத்தான் ஆகியிருந்தது. ஆனால் மற்றவையெல்லாம் அதைவிடப் பெரிதாகியிருந்தன.

பெரிய டாக்டர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமலே ஆட்களை எழுந்து நிற்க வைப்பவர். ஒரு பக்கம் பிசியோதெரபிஸ்ட், அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பவர்களின் தலைவர். எதிரே நோயாளிகள் சார்பாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் பஸ் டிரைவர். வாதம் வந்து பிழைத்தவர், இடது கை இன்னும் மேஜைமேல் தனியாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் பலகைக்கு முன் நின்று பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். அதுதான் கொடுமை.

“ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் நுழையக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டமெல்லாம். பயிற்சி குடுக்கறவங்க அளக்கக் கூடாது. ஏன்னா அவங்க ஆள் நல்லா நடக்கணும்னு அவங்களுக்கு ஆசை இருக்கும். அளக்கறவங்களுக்கு யாரு எந்தப் பயிற்சியில இருக்காங்கன்னு தெரியக் கூடாது. எனக்குத் தெரியும், அதனால நான் நோயாளிங்க பக்கமே போகக் கூடாது.”

டிரைவர் தலையை ஆட்டினார். “புரியுது. டிக்கெட் குடுக்கற கண்டக்டரே டிக்கெட் செக் பண்ணக் கூடாது. அப்ப நம்ம சிஸ்டர்தான் செக்கர்.”

“அதேதான்,” என்றாள் நாத்தனார், சிரித்துக்கொண்டே.

“செக்கர் பஸ்ஸுல ஏறினா டிரைவர் நானே நடுங்குவேன்மா. ஆனா இவங்களைப் போய்க் கடைசி வரிசையில உக்கார வெச்சிருக்கீங்களே?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். முகம் சிரித்தது, காது மடல் இரண்டும் நெருப்பாக எரிந்தன.

“வரிசைக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல சார். இடம் பத்தல, அவ்வளவுதான்,” என்றாள் நாத்தனார்.

இடம் பத்தல. உனக்கு மட்டும் எப்படி இடம் பத்துச்சு என்று அண்ணி மனசுக்குள் கேட்டாள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பிசியோதெரபிஸ்ட் அவள் அருகில் வந்து, “காலிக் கட்டம் யாருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே சிஸ்டர். வீட்டுலயே ஆள் வெச்சிருக்கீங்க,” என்று கண்ணடித்துவிட்டுப் போனார். அவர் தமாஷுக்குத்தான் சொன்னார். சில பேருடைய தமாஷ், புண்ணைத் தேடிப் பார்த்து விரலை வைக்கும்.

*

பதினோரு மணிக்கு நூற்றுப் பதினேழாம் எண் வந்தார்.

ஓய்வு பெற்ற தபால்காரர். ஊர் முழுக்க நடந்தே முப்பது வருடம் கடிதம் கொடுத்த கால்கள், போன வருடம் ஒரு காலைப் பொழுதில் வேலை நிறுத்தம் செய்துவிட்டன. மனைவி கூட வந்திருந்தாள்.

அளவீட்டு நடைகூடத்தின் தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள். நடுவே பத்து மீட்டர். அண்ணி எல்லோரிடமும் சொல்வதை இவரிடமும் சொன்னாள்.

“என்ன வேணாலும் பேசலாம். ஆனா உங்க வீட்டுக்கு யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“உசுரே போனாலும் சொல்ல மாட்டேன் சிஸ்டர்,” என்றார் தபால்காரர். “இவ வாயைத் திறந்தாக்கூட நான் மூடிடுவேன்.”

“ஆமா, இவருக்கு ரகசியம் காக்கறதுன்னா சர்க்கரை,” என்றாள் மனைவி.

ஆறு மாதமாக அந்தக் கிழவர் காத்த ரகசியம் அண்ணிக்குத் தெரியும். 117, வீடு. கோட்டின்மேல் நின்று அவர் பெருமையோடு சிரித்தபோது, அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“நடங்க.”

அவர் நடந்தார். வலது கால் உறுதியாக வந்தது, இடது கால் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. முன்னைவிட எவ்வளவோ மேல். வீட்டுப் பயிற்சி வேலை செய்கிறது என்று அண்ணிக்குப் பட்டது. பட்ட உடனே இன்னொன்றும் பட்டது: இந்த எண் நாளைக்கு நாத்தனாரின் கட்டுரையில் ஏறும். மேடை ஏறும். அவள் கழுத்தில் மாலையாக விழும்.

கால் கோட்டைத் தொட்டது. கட்டைவிரல் அழுத்தியது.

பதினான்கு புள்ளி ஆறு நொடி.

அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் கோட்டைத் தொட்டபோதுதான் அழுத்தினாளா? ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்தா? ஐந்து வருடத்தில் இந்தக் கேள்வி அவளுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அவள் விரலும் அவர்களுடைய காலும் ஒன்றாகவே வேலை செய்தன, நடுவில் வேறு யாரும் கிடையாது. இன்றைக்கு நடுவில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

“நல்லா நடந்தேனா சிஸ்டர்?”

“நல்லா நடந்தீங்க.”

“கொறைஞ்சிருக்கா?”

“அது நான் சொல்லக் கூடாது.”

இரண்டாவது தடவை பதினான்கு புள்ளி ஒன்று. மூன்றாவது தடவை பதினான்கு புள்ளி ஐந்து. எது அவருடைய நடை, எது தன்னுடைய வயிற்றெரிச்சல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எண்ணைத் தாளில் எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் அப்படியே நின்றாள். தபால்காரரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டீங்களா சிஸ்டர்?” என்று கேட்டாள். அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துவது போல் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கணத்தில் அவளுக்கு முழுக்க நல்ல எண்ணம்தான் இருந்தது. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இனிமேல் நான் அளக்கக் கூடாது, போய்ச் சொல்லிவிட வேண்டும். அடுத்து வர வேண்டியவர்களை வேறு நாளைக்கு மாற்றிவிட்டு நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

*

“டாக்டர், நான் இனிமே அளக்கக் கூடாது.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன ஆச்சு?”

“யாரு எந்தக் குழுன்னு பட்டியலைப் பார்த்துட்டேன். மூணு எண் ஞாபகம் இருக்கு. அதுல ஒருத்தரை இன்னிக்கு அளந்தேன். அந்த அளவை எடுத்துக்காதீங்க.”

“எங்க பார்த்தீங்க?”

“வீட்டுல. சாப்பாட்டு மேஜையில.”

பெரிய டாக்டர் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். “உங்க நாத்தனார் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தாங்களா?”

“ஆமா டாக்டர்.”

“இதுல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும் சிஸ்டர். மூடி வெச்சிருந்ததா, திறந்து கிடந்ததா? மூடின கோப்பை வீட்டுக்குக் கொண்டு போறது ஒரு தப்பு, நான் கண்டிச்சு விட்டுடலாம். பட்டியலைத் திறந்து போட்டுட்டுப் போறது வேற. அப்புறம் அந்தப் பட்டியலை அவங்க பொறுப்புல நான் வெச்சிருக்க முடியாது.”

இப்போதுகூட எல்லாம் அவள் கையில்தான் இருந்தது. ‘மூடித்தான் இருந்தது, நான்தான் திறந்தேன்’ என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், ஏன் திறந்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். என் பெயர் எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்க்க, என்று சொல்ல வேண்டும். நாற்பது வயதில், வெள்ளை உடுப்பில், வேலைக்குத் தான் கூட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல வேண்டும்.

“திறந்துதான் கிடந்துச்சு டாக்டர்,” என்றாள் அண்ணி. “கண்ணுல பட்டுடுச்சு.”

எவ்வளவு சுலபமாக வந்தது! உண்மையோடு உண்மையாக, அளவு கூடாமல் குறையாமல் பொருந்திப் போய் உட்கார்ந்துகொண்டது.

நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது தப்புதான் டாக்டர். படத்தைத் திருத்தலாம்னு கோப்போட எடுத்துட்டுப் போயிட்டேன். பட்டியல் பின்னால இருந்ததை யோசிக்கல. ஆனா மூடி...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். “திறந்தா கிடந்துச்சு அண்ணி?”

“ம்.”

மூன்று பேரும் சுவரோரம் இருந்த பொறுப்புப் பதிவேட்டைப் பார்த்தார்கள். யார் யார் எந்த வேலையைச் செய்யலாம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று கையெழுத்தோடு இருக்கும் புத்தகம் அது. பெரிய டாக்டர் அதை எடுத்து, அளவீடு என்ற வரியில் அண்ணிக்கு நேரே இன்றைய தேதியை முடிவுத் தேதியாக எழுதினார். ஐந்து வருடமாகக் காலியாக இருந்த இடம். அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த பக்கத்தில் நாத்தனாருக்கு நேரே டாக்டர் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் என்ன நடந்ததுன்னு அவங்கவங்க கைப்பட எழுதி நாளைக்குக் காலையில குடுங்க. நெறிமுறைக் குழுவுக்குப் போகும். பட்டியல் யாரு கையில இருக்கணும்னு அவங்க பார்த்துச் சொல்லட்டும்.”

நாத்தனார் வெளியே போன பிறகு டாக்டர் அண்ணியை மட்டும் இருக்கச் சொன்னார்.

“ஒருங்கிணைப்பாளரா உங்களைப் போடணும்னுதான் ஆரம்பத்துலேருந்து எனக்கு. உங்க நாத்தனார்தான் வேண்டாம்னாங்க.”

பார்த்தாயா, பார்த்தாயா என்று அண்ணிக்குள்ளே யாரோ குதித்தார்கள்.

“அவங்களை அளவீட்டுலேருந்து எடுத்தா இந்த ஆய்வே போச்சு, அந்தக் கைக்கு இன்னொரு கை கிடையாது, பதவிக்கு வேற யாரையாவது பார்க்கலாம்னு என்கிட்ட சண்டை போட்டாங்க. அதுக்குத்தான் அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு. இப்ப அந்தப் பிரச்சினை இல்ல. பார்த்ததை யாரும் கேக்காமலே வந்து சொன்னீங்க. அந்த நேர்மைக்கே அந்த இடம் உங்களுக்குத்தான்.”

குதித்தவர்கள் அப்படியே நின்றுபோனார்கள். அண்ணி நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது?

*

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் யாரும் பேசவில்லை. முதுகில் எதுவும் இடிக்கவும் இல்லை. கோப்பு டாக்டரின் அலமாரியில் பூட்டுக்குள் இருந்தது.

வாசலிலேயே கணவன், “என்ன ஆச்சு?” என்றான். பதவி தனக்குத்தான் என்று அண்ணி சொன்னதும் அவன் சந்தோஷத்தில் அவளைத் தூக்கப் பார்த்து, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் இறக்கினான். வழக்கம்போல இரண்டு மாடிக்கு நடுவில். “டீ போடறேன்,” என்று சொல்லி உள்ளே ஓடினான்.

நாத்தனார் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். மாமியார் எதிரே உட்கார்ந்து மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். வெற்றி பெற்றவர்கள் வீட்டில் எங்கே உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“வாழ்த்துகள் அண்ணி,” என்றாள் நாத்தனார், எழுதுவதை நிறுத்தாமல். “நிஜமாவே சொல்றேன். எனக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம். பத்துப் பேரைக் கட்டி மேய்க்க என்னால ஆகாது.”

“என் மேல கோபம் இல்லையா?”

“எதுக்கு? நீங்க சொல்லாம விட்டிருந்தா, உங்க அளவையெல்லாம் நான் நம்பிக் கூட்டிக்கிட்டே இருந்திருப்பேன். அது எவ்வளவு பெரிய தப்பா ஆகியிருக்கும்!” எழுதி முடித்த தாளை நீட்டினாள். “ஒரு தடவை படிச்சுப் பாருங்க. சரியா இருக்கான்னு சொல்லுங்க.”

அண்ணி வாங்கிப் படித்தாள். ‘ஞாயிறு மதியம் கோப்பை மூடிவிட்டேன் என்பது என் நினைவு. ஆனால் அது திறந்து கிடந்ததைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார். ஆகவே என் நினைவு தவறு. நான்தான் பட்டியலைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். பட்டியலை வைத்திருக்கும் தகுதி எனக்கு இல்லை என்று குழு கருதினால் ஏற்றுக்கொள்கிறேன்.’

“ஏன் இப்படி எழுதினே?” என்றாள் அண்ணி. “மூடினதா ஞாபகம் இருந்தா, அப்படியே எழுத வேண்டியதுதானே?”

“என் ஞாபகத்துக்கு என்ன அத்தாட்சி? தூக்கக் கலக்கம் வேற.” நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். கண் சிவந்திருந்தது. “உங்க அஞ்சு வருஷத்து எண்களை நான் தலைகீழாப் புரட்டியிருக்கேன் அண்ணி. ஒரு நாள்கூட நீங்க இருந்ததை இல்லைன்னோ, இல்லாததை இருக்குன்னோ எழுதினதில்ல. என் ஞாபகத்தைவிட உங்க கண்ணைத்தான் நான் நம்புவேன்.”

அறையும் வேண்டாம், அடியும் வேண்டாம், இப்படி ஒருத்தி நம்பிவிட்டால் போதும். அண்ணி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா? தொண்டை வரை வந்தது. கூடவே அந்தத் தனி மேஜையும், டாக்டருக்கு அடுத்த நாற்காலியும் வந்தன. யாரும் கேக்காமலே வந்து சொன்னீங்க என்ற குரலும் வந்தது.

“சரியாத்தான் இருக்கு,” என்றாள்.

மாமியார் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“எந்தக் கோப்பு? ஞாயித்துக்கிழமை இங்க கிடந்த நீலக் கோப்பா?”

“ஆமாம்மா.”

“அது எப்படித் திறந்து கிடக்கும்? சாப்பிட்டப்புறம் மேஜையைத் துடைச்சது யாரு, நான்தானே? ஈரம் பட்டுடப் போகுதேன்னு நானேதான் அதைத் தூக்கி அந்தண்டை வெச்சேன். நல்லா மூடித்தான் இருந்துச்சு. அப்புறம்தான் போய்ப் படுத்தேன்.” உச்சுக் கொட்டினாள். “எனக்கப்புறம் இங்க முழிச்சுக்கிட்டிருந்தது பாத்திரம் கழுவின இவ ஒருத்திதான்.”

அம்மா மகள் பக்கம்தானே பேசுவாள் என்றுதான் அண்ணிக்கு முதலில் தோன்றியது. அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது. மாமியார் சொன்னது அத்தனையும் உண்மை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாத்தனார் அம்மாவைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். கூட்டல் தப்பிப்போன தாளை மேலிருந்து கீழாக மறுபடியும் பார்ப்பது போல, நிதானமாக, நெற்றியிலிருந்து வாய் வரை பார்த்தாள். பிறகு அண்ணியின் கையிலிருந்த தாளை மெல்ல இழுத்து எடுத்து, மேஜைமேல் வைத்து, ‘திறந்து கிடந்ததைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார்’ என்ற வரியின் கீழ் பேனாவை வைத்தாள்.

“அண்ணி,” என்றாள். “இந்த வரியை நான் எப்படி எழுதணும்? நீங்களே சொல்லுங்க.”